துயர் துடைத்த தூயவர்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே திருப்புட்குழி என்னும் பழம்பதி உள்ளது. புள் என்பது பறவை. சீதையைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்த சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இஃது என்பது தலவரலாறு. அக்கழுகரசனைப் பிழைக்கச் செய்தல் இயலாதாயிற்று. எனினும், அவனைத் தனியே விட்டுச் செல்ல இராமன் மனம் ஒப்பவில்லை. தீராநோய் உற்றாரையும் கைவிடலாகாது என்னும் அறத்தை இக்கதை உணர்த்துகின்றது. அவ்வறத்திற்குத் தம் முதுமையிலும் ஓயாது உழைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. பிறர் ஏளனத்தைப் பொருட்படுத்தாது ஆடவர் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1923-ஆம் ஆண்டில் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். கற்ற மருத்துவம் தம் உடன்பிறந்தாளைக் காக்கவில்லையே என்னும் துயரம் அவர் நெஞ்சிற் குடிகொண்டது. ஆயினும், அவர் அழுது ஓய்ந்தாரல்லர். இந்நோயாளர்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று காண வேண்டுமென உறுதி பூண்டார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராயிருந்தும், அவ்வை இல்லம் நிறுவியும் பெண்களுக்குத் தொண்டாற்றிய நாளிலும் அவ்வுறுதி தளரவில்லை.

புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவரே, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என வினவினாரும் உளர். அம்மையார் மனம் உடைந்தாரல்லர். பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952-இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1968-இல் அம்மையார் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். முற்றிய நிலையிலோ வலி, குமட்டல், மூச்சுத்திணறல், உறக்கமின்மை ஆகியன நோயாளரை வாட்டும். அந்நிலையிலும் மருத்துவர்க்குக் கடமை உண்டு. அதுவே நோய்தணிப்பு மருத்துவம். 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் இலண்டன் மாநகரில் இதற்கெனத் தனி இல்லம் கண்டார். வலி மீண்டும் தலைதூக்கியபின் மருந்து கொடுத்தல் போதாது. அது திரும்புமுன்னரே குறித்த காலந்தோறும் கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. 1986-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் அந்நெறியை நாடுகட்கு எடுத்துரைத்தது. கடும்வலியைத் தணிக்க மருத்துவர்கள் அபினியினின்று எடுக்கப்படும் மார்பீனை அளவறிந்து வழங்குகின்றனர். புண்ணைத் தூய்மை செய்தலும், நீர்வேட்கை தணித்தலும், அருகமர்ந்து ஆறுதல் கூறுதலும் இம்மருத்துவத்தின் கூறுகளேயாம்.

காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணாவும் 1969-இல் இந்நோயாலேயே மறைந்தார். அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் உள்ளது. நெசவாளரும் உழவரும் தொலைவு செல்லாது மருத்துவம் பெற இஃது உதவுகின்றது.

நோயைத் தீர்த்தல் எப்போதும் நம் கையில் இல்லை. நோயுற்றாரின் துன்பத்தைக் குறைத்தல் நம்மால் இயலும். தங்கையை இழந்த துயரத்தை எண்ணற்ற உயிர்களுக்கு நிழலாக மாற்றிய முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவேயாகும்.