சிகாகோவின் முதல் கறுப்பின மேயர்

தலைவர் நாற்காலியில் நம்மவர் அமர்ந்த பிறகும், துணைத் தலைவரும் உறுப்பினர்களும் கைகோத்துத் தீர்மானங்களை முடக்குவது நம் ஊராட்சிகளில் நாம் பார்க்காததல்ல. அமெரிக்காவின் பெருநகரமான சிகாகோவிலும் இது நடந்தது. அதை எதிர்த்து நின்று வென்றவர் ஹெரால்ட் வாஷிங்டன்.

1922 ஏப்ரல் 15 அன்று சிகாகோவில் பிறந்தார். தந்தை ராய் வாஷிங்டன் வழக்கறிஞர்; ஜனநாயகக் கட்சியின் வட்டார ஊழியரும்கூட. இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றித் திரும்பிய ஹெரால்ட், ரூஸ்வெல்ட் கல்லூரியில் பட்டமும், 1952இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் முடித்தார். மாநிலச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் இருந்தார். 1980இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

அவர் வாழ்வில் கறையும் உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாததற்காக 1972இல் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். பின்னாளில் எதிரிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சிகாகோ மக்கள்தொகையில் அப்போது கறுப்பர்கள் சுமார் 40 விழுக்காடு இருந்தார்கள். ஆனாலும் கட்சி இயந்திரம் அவர்களிடம் வாக்கை வாங்கிக்கொண்டது, அதிகாரத்தைத் தரவில்லை. மேயர் தேர்தலில் நிற்கும்படி மக்கள் வற்புறுத்தியபோது வாஷிங்டன் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் 50,000 புதிய வாக்காளர்களைப் பட்டியலில் சேர்த்துக் காட்டுங்கள் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

1983 பிப்ரவரியில் நடந்த உட்கட்சித் தேர்தல் மும்முனைப் போட்டியானது. பதவியிலிருந்த மேயர் ஜேன் பைர்னும், பழைய மேயரின் மகன் ரிச்சர்ட் டேலியும் வெள்ளையர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள். சுமார் 36 விழுக்காடு பெற்று வாஷிங்டன் வென்றார்.

1931க்குப் பிறகு குடியரசுக் கட்சி அங்கே மேயர் பதவியைப் பிடித்ததில்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றால் வெற்றி உறுதி என்றிருந்த நகரம் அது. வேட்பாளர் கறுப்பர் என்றதும் அந்தக் கணக்கு மாறியது. சொந்தக் கட்சிக்காரர்கள் பலரே குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் பக்கம் சாய்ந்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று வெள்ளையர் பகுதித் தேவாலயம் ஒன்றுக்குச் சென்ற வாஷிங்டனைக் கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. ஏப்ரல் 12இல் சுமார் 48,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் மேயரானார். கறுப்பர்களோடு லத்தீன் அமெரிக்க மக்களும், சீர்திருத்தம் விரும்பிய வெள்ளையரில் ஒரு பகுதியினரும் சேர்ந்து தந்த வெற்றி அது.

உண்மையான போராட்டம் அதன் பிறகுதான் தொடங்கியது. 50 பேர் கொண்ட நகர்மன்றத்தில் எட்வர்ட் வெர்டோலியக் தலைமையில் 29 பேர் அணி சேர்ந்து, குழுக்களையெல்லாம் கைப்பற்றி, மேயரின் நியமனங்களை முடக்கினார்கள். மேயர் பக்கம் 21 பேர். எதிரணியின் தீர்மானங்களைத் தடுக்கத் தமக்கிருந்த ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார் அவர். வார்டு எல்லைகள் சிறுபான்மையினருக்கு எதிராக வரையப்பட்டிருந்தது நீதிமன்றத்துக்குப் போனது. எல்லைகள் திருத்தப்பட்டு, 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. மன்றம் 25க்கு 25 ஆனது. சமநிலையில் முடிவு செய்யும் வாக்கு மேயருடையது.

1987 ஏப்ரல் தேர்தலில் வெர்டோலியக், ஹைன்ஸ், ஹைடர் என மூவர் மூன்று கட்சிகளின் பெயரில் எதிர்த்து நின்றார்கள். வாக்குப்பதிவுக்கு முன்பே ஹைன்ஸ் விலகிக்கொண்டார். இம்முறை எதிர் வாக்குகள் பிரிந்ததால் கிடைத்த வெற்றி என்று யாரும் சொல்ல முடியவில்லை. பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் வாஷிங்டனுக்கே விழுந்தன.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, அலுவலக மேசையிலேயே மாரடைப்பால் சரிந்தார். வயது 65. அவர் கட்டிய கூட்டணி அடுத்த மேயர் யார் என்ற கேள்வியில் ஒரு வாரத்துக்குள் உடைந்தது.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும், வார்டு எல்லையைக் கவனிப்பதும், மன்றத்தில் பெரும்பான்மை தேடுவதும் சிறிய வேலைகளாகத் தெரியலாம். வாஷிங்டனின் நாற்காலிக்கு அதிகாரம் வந்தது அவற்றால்தான். ஒரே மனிதரை நம்பிய அணி அவரோடு சிதறும் என்பதையும் சேர்த்தே நாம் படித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த மாணவர்கள் முதலில் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.