தரங்கம்பாடித் தோழமை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள், சோபியா ஹெட்விக் என்னும் கப்பல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியை அடைந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் சமயப் பணிக்கென அனுப்பிய செர்மானியர் இருவர் அதில் வந்தனர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் அவரினும் மூத்தவரான புளூட்சோ. மன்னரின் ஆணையோடு வந்தும், ஆளுநர் ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. தங்க இடமின்றி இருவரும் கடைத்தெருவில் நின்றனர். ஒருவர் மட்டும் வந்திருந்தால் அம்முயற்சி அன்றே முடிந்திருக்கக்கூடும்.

தோழர்கள் பணியைப் பகுத்துக்கொண்டனர். புளூட்சோ போர்த்துகீசியம் பேசுவோரிடையே பணிசெய்ய, சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கழித்து மீண்டவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711இல் பணியை முடித்தார். அதே ஆண்டு புளூட்சோ தாயகம் திரும்பினார்.

1709இல் வந்திருந்த குருண்ட்லர் இப்போது உற்ற துணையானார். ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது.

பழைய ஏற்பாட்டில் ரூத்தின் வரலாறு வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719இல், தம் 36ஆம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். மறு ஆண்டே குருண்ட்லரும் காலமானார். தரங்கம்பாடியில் தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர்.