பெயர் சொல்லாத 28 லட்சம் பெண்கள்: முதல் வாக்காளர் பட்டியலைத் தந்த சுகுமார் சென்

தேர்தல் என்றதும் தலைவர்களும் கட்சிகளும் சின்னங்களும்தான் நம் நினைவுக்கு வரும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு பட்டியல் தயாராக வேண்டும். யாருக்கு வாக்கு உண்டு என்று சொல்கிற பட்டியல் அது. அதில் பெயர் இருந்தால் ஏழையும் பணக்காரரும் ஒன்று. பெயர் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான்.

சுதந்திர இந்தியாவில் அந்தப் பட்டியலை முழுமையாக்கி, அதை வைத்து முதல் பொதுத்தேர்தலை நடத்திக் காட்டியவர் சுகுமார் சென், நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். வாக்காளர் பட்டியல் திருத்தம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட இந்நாளில், அவர் செய்த பணியையும் எடுத்த ஒரு கடினமான முடிவையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கணிதம் படித்த அதிகாரி

சுகுமார் சென் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வங்காளத்தில் பிறந்தவர். கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். லண்டனில் கணிதத்துக்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். 1921-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். வங்காளத்தின் பல மாவட்டங்களில் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்து, மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலாளராக உயர்ந்தார். அவருடைய தம்பி அசோக் சென் பின்னாளில் மத்திய சட்ட அமைச்சரானவர்.

1950 ஜனவரி 25 அன்று தேர்தல் ஆணையம் அமைந்தது. மார்ச் மாதம் சென் அதன் பொறுப்பை ஏற்றார். 1951 இளவேனில் காலத்திலேயே தேர்தல் நடந்துவிடும் என்று பிரதமர் நேரு நம்பினார். சென் அவசரப்படவில்லை. தேர்தலுக்கான சட்டங்களே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. தொகுதிகளின் எல்லைகள் முடிவாகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல் சரியாகவில்லை. எண்களோடு பழகிய அந்த மனிதருக்கு, கணக்கு சரியாகாமல் விடை எழுத மனம் வரவில்லை.

தனிப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு

அதற்கு முன் இந்தியாவில் தேர்தல்கள் நடக்காமல் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்து வாக்காளர் பட்டியல்கள் இரண்டு விதங்களில் குறுகியவை. முதலாவது, சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதிகள் உள்ளவர்களுக்கு மட்டுமே அவற்றில் இடம் கிடைத்தது. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஆரணியில், அடுத்தவர் தறியில் கூலிக்குப் பட்டு நெய்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியல்களோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. இரண்டாவது, வாக்காளர்கள் மதவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை இருந்தது. 1937-இல் மதராஸ் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 இடங்கள் முஸ்லிம்களுக்கானவை.

அரசியல் நிர்ணய சபையில் இம்முறை நீடிக்க வேண்டும் என்று மதராஸ் உறுப்பினர்களான பி. போக்கர் சாகிபும் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் வாதாடினார்கள். சபை அதை ஏற்கவில்லை. தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல், அதில் மதம், இனம், சாதி, பாலினம் எதன் பேரிலும் யாரையும் விலக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 325-ஆம் பிரிவு விதித்தது. 326-ஆம் பிரிவு வயது வந்த எல்லாக் குடிமக்களுக்கும் வாக்குரிமை தந்தது. அப்போது 21 வயது. பிற்பாடுதான் அது 18 ஆனது.

தனித்தொகுதி போய்விட்டதால் நம் சமுதாயத்துக்குக் கிடைத்த அரசியல் பாதுகாப்பு இந்தப் பொதுப் பட்டியல்தான். காயிதே மில்லத் அவர்களே பின்னாளில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரியில் பொதுப் பட்டியலின் வாக்குகளைப் பெற்றுத்தான் மக்களவைக்குச் சென்றார். ஆகவே அந்தப் பட்டியல் நேர்மையாகத் தயாரானதா என்பது மற்ற எல்லோரையும் போல நமக்கும் முக்கியமான கேள்வி.

17 கோடிப் பெயர்கள்

பட்டியல் வேலை சென் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1947 இறுதியிலிருந்தே இதில் இறங்கியது. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பட்டியலில் சேர ஓர் இடத்தில் 180 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. உடுத்த துணியோடு வந்தவர்கள் அதற்கு என்ன ஆதாரம் காட்டுவார்கள்? இங்கேயே நிரந்தரமாக வாழப்போகிறோம் என்று அவர்கள் உறுதி கொடுத்தால் போதும், பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது. காகிதம் இல்லை என்பதற்காக மனிதரைத் தள்ளிவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பட்டியலின் அடித்தளத்திலேயே இருந்தது.

இந்த வேலையை சென் கையில் எடுத்து முடித்தபோது சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் 100-க்கு 85 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பெயர்களைத் தட்டச்சு செய்து தொகுப்பதற்கு மட்டும் 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஒருவரே இரண்டு முறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை வைத்தார்கள்.

1951 அக்டோபர் 25 அன்று தொடங்கிய வாக்குப்பதிவு 1952 பிப்ரவரியில் முடிந்தது. கோட்டீஸ்வரர் வீட்டுப் பெயரும் கூலி நெசவாளர் பெயரும் ஒரே பட்டியலில், வீட்டு எண் வரிசையில் அடுத்தடுத்து வந்த முதல் தேர்தல் அதுதான்.

இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய்

அந்தப் பெருமைக்கு நடுவே ஒரு குறையும் இருந்தது. பெயர் எழுத வீடு வீடாகப் போனவர்களிடம், வட மாநிலங்களின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கத்தில் இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். பதிவு செய்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது சென் பார்வைக்கு வந்தபோது அவர் ஏற்கவில்லை. பெயர் இல்லாத பதிவு ஒரு வாக்காளரை அடையாளம் காட்டாது, அதை வைத்து யாரும் போய் வாக்களித்துவிடலாம் என்பது ஒரு காரணம். பெண்ணும் தனி ஒரு குடிமகள், அவள் தன் பெயராலேயே பட்டியலில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். பெயரைக் கேட்டுத் திருத்துமாறு உத்தரவு போனது. பீகாருக்கு மட்டும் ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அதன் பிறகும் பெயர் சொல்லாதவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. நாட்டின் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இப்படி முதல் தேர்தலில் வாக்கை இழந்தார்கள்.

இது சரியான முடிவா? பட்டியலின் நம்பகத்தன்மையைப் பார்த்தால் சென் செய்தது சரி. அந்தப் பெண்களின் இடத்திலிருந்து பார்த்தால் அது பெரிய இழப்பு. அவர்கள் போலி வாக்காளர்கள் அல்ல. உயிரோடு, அதே வீட்டில் இருந்தவர்கள். வழக்கம் ஒருபக்கம் அவர்கள் வாயை அடைத்தது. பெயரைக் கேட்டு எழுதாமல் போன பதிவாளர்களின் அலட்சியம் இன்னொரு பக்கம் அவர்களைக் கைவிட்டது. தண்டனை மட்டும் அவர்களுக்கே வந்தது.

ஆனால் சென் இந்த எண்ணிக்கையை மறைக்கவில்லை. தேர்தல் குறித்த தன் அறிக்கையிலேயே அதைப் பதிவு செய்தார். இந்த நீக்கத்தால் எழுந்த சலசலப்பு நல்லதே, அடுத்த தேர்தலுக்குள் இந்தத் தயக்கம் மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தார். அதற்கேற்ப, 1957 தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். அந்த முறை வாக்காளர் எண்ணிக்கை 19 கோடியைத் தாண்டியது. நீக்கிய பெயரை அரசு திருப்பித் தர வேண்டிய கடனாகப் பார்த்ததுதான் சென் காலத்து நிர்வாகத்தின் சிறப்பு.

சூடானுக்குப் போன இந்தியர்

முதல் தேர்தல் முடிந்த கையோடு அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. எகிப்தும் பிரிட்டனும் கூட்டாக ஆண்ட சூடானில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடக்க இருந்தது. இரு தரப்பும் நம்பக்கூடிய ஒரு நடுவர் வேண்டும். 1953-இல் அமைந்த பன்னாட்டுத் தேர்தல் ஆணையத்துக்கு சென் தலைவரானார். சூடானியர்கள் மூவரும், எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளும் அதில் இருந்தார்கள். சென் அங்கே பல மாதங்கள் தங்கி, அந்த ஆண்டின் இறுதியில் தேர்தலை முடித்தார். இஸ்மாயில் அல் அஸ்ஹரி பிரதமரானார். 1956 ஜனவரி 1 அன்று சூடான் விடுதலை பெற்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாடு தன் முதல் தேர்தலை நடத்த ஓர் இந்திய அதிகாரியின் நேர்மையை நம்பியது.

1954-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. 1958 டிசம்பரில் ஆணையப் பொறுப்பிலிருந்து விலகினார். 1960-இல் தொடங்கிய பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். அதன் பின் சில ஆண்டுகளில் மறைந்தார். தன் வாழ்க்கையை அவர் புத்தகமாக எழுதி வைக்கவில்லை. தேர்தல் அறிக்கைகள்தான் அவர் விட்டுச் சென்ற எழுத்து.

ஆரணியின் பட்டியலில் இன்று

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வீடு வீடாகத் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் போக, மிகப் பெரிய பங்கு இடம் மாறியவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களுடையது. இறந்தவர் பெயர் நீங்குவது அவசியம், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கவலை இடம் மாறியவர்களைப் பற்றியது.

ஆரணி ஒரு நெசவு ஊர். வேலை குறையும் காலத்தில் சில மாதங்கள் வெளியூர் போய்ப் பிழைத்துவிட்டு வருவது இத்தகைய ஊர்களில் புதிதல்ல. கணக்கெடுக்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்தால் அவர் இடம் மாறியவரா? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ஆம் பிரிவில் இதற்குப் பதில் தருகிறது. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் தன் ஊரின் வாக்காளர் என்ற தகுதியை இழப்பதில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் நீக்குவதற்கு முன் அவருக்கு அறிவிப்பும் பதில் சொல்ல உரிய வாய்ப்பும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஒரே பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். பெண்களின் பெயரோடு பீவி, பேகம், பானு ஓர் அட்டையில் இருக்கும், மற்றதில் இருக்காது. அன்று பெயர் சொல்லாததால் பெண்கள் விடுபட்டார்கள். இன்று பெயர் பல விதமாக எழுதப்பட்டிருப்பதால் சிக்கலுக்கு ஆளாகலாம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. எழுத்துப்பிழை அல்லது முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கக் கோருவது படிவம் 7, அது தவறாகப் பயன்படுத்தப்பட்டால் எதிர்த்து விளக்கம் தரலாம். வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவு தவறு என்றால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அதற்கு மேல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். படிக்காத முதியவர்களுக்கும் வெளியூரில் இருப்பவர்களுக்கும் இதைச் செய்து கொடுப்பது ஜமாஅத்துகளும் இளைஞர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதத்தவரானாலும் அவர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். அது பொதுப் பட்டியல்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி நாடாவை ஓட்டுவார். ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றனவே, ஒன்று போனால் என்ன என்று அவர் விடுவதில்லை. வாக்காளர் பட்டியலுக்கும் அந்தக் கவனம் வேண்டும். இல்லாதவர் பெயர் உள்ளே இருப்பது பிழை, இருப்பவர் பெயர் வெளியே போவதும் அதே அளவு பிழை. 28 லட்சம் பெண்களின் பெயர்களை நீக்கிய சென் காலத்து ஆணையம் அவர்களை மறந்துவிடவில்லை. அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தப் பெயரோடு உள்ளே வந்தார்கள். இன்று விடுபட்டவர்களுக்கும் அடுத்த வாக்குப்பதிவுக்கு முன் அது நடந்தாக வேண்டும்.