ரோமச் சக்கரவர்த்தி ஹிர்கல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ அருளப்பட்ட கி.பி. 610-ஆம் ஆண்டிலேயே கான்ஸ்டாண்டிநோபிளில் அரியணை ஏறியவர் ஹிர்கல் என்னும் ஹெராக்ளியஸ். 614-இல் பாரசீகர் பைத்துல் முகத்தஸைப் பறித்தனர். ரோமர் மீண்டும் வெல்வர் என்று 'அர்ரூம்' சூரா முன்னறிவித்தது. அவ்வாறே 627-இல் நீனவாவில் ஹிர்கல் பாரசீகப் படையை முறியடித்தார்.

அந்த வெற்றியை அடுத்துத்தான் திஹ்யா (ரலி) அவர்கள் மூலம் நபிகளாரின் கடிதம் வந்தது. விசாரிப்பதற்கு மக்காவாசிகள் யாரேனும் உண்டா என்று தேடச் செய்தார். வணிகத்துக்காக ஷாம் வந்திருந்த அபூஸுஃப்யான் அகப்பட்டார். (குறைஷிகள் அங்கே கொண்டு சென்ற சரக்குகளில் தோலும் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் கவனிக்க!) பின்னாளில் ஸஹாபியான அவர் அன்று இஸ்லாத்தின் எதிரி. ஆயினும், உடன் வந்தோர் முன்னிலையில் பொய்யன் என்று பெயரெடுக்க அஞ்சி, நபிகளாரின் குலம், வாய்மை, வாக்குறுதி பற்றிய கேள்விகளுக்கு உள்ளதையே சொன்னார். அந்த வியாபாரிக்கு நாணயம் அவ்வளவு பெரிது.

ஹிர்கலுக்கு உண்மை விளங்கிவிட்டது. ஹிம்ஸ் மாளிகையில் கதவுகளை அடைக்கச் செய்து, இந்த நபியை ஏற்கலாமே என்று பிரதானிகளிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் வெகுண்டு வாசலுக்குப் பாய்ந்தனர். உடனே, அவர்களுடைய மத உறுதியைச் சோதிக்கவே அப்படிச் சொன்னதாகப் பேச்சை மாற்றிக்கொண்டார். மணிமுடி தப்பியது.

636-இல் யர்மூக்கில் அவருடைய படை சிதறியது. பாரசீகரிடம் மீட்ட ஷாம் கைநழுவியது. பைத்துல் முகத்தஸ் ஹஸரத் உமர் (ரலி) அவர்களிடம் சரணடைந்தது. 641-இல் ஹிர்கல் இறந்தபோது எகிப்தும் போய்க்கொண்டிருந்தது.