பஞ்சம் பறிக்க முடியாத சமாதானம்



ஜெபக்குறிப்புச் சீட்டுகளை வாசிக்கும்போது ஒரு காரியத்தை நான் கவனித்து வருகிறேன். வேலை போச்சு, கடன் கழுத்தை நெரிக்குது, வீட்டில் தீராத வியாதி என்று எழுதுகிறார்கள். இந்தப் பிரச்சனை மட்டும் தீர்ந்துட்டா சமாதானமா இருப்பேன் என்று முடிக்கிறார்கள். அப்படியானால், பிரச்சனை தீருகிற வரைக்கும் தேவபிள்ளைக்குச் சமாதானமே கிடையாதா? இதை யோசிக்கும்போதெல்லாம் பண்டித ராமாபாய் அம்மையாரின் வாழ்க்கைதான் என் நினைவுக்கு வரும்.

1858-ம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பகுதியில் அவர் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமஸ்கிருதம் கற்றுக் கொடுத்தவர். பிறகு சொத்தெல்லாம் கரைந்துபோனது. குடும்பமே புண்ணிய ஸ்தலம் ஸ்தலமாக நடந்து, புராணம் வாசித்து, கிடைத்ததைச் சாப்பிட்டு வாழ்ந்தது. சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அதுவும் நின்றுபோனது. காட்டு இலைகளைத் தின்று நாட்களைக் கடத்தினார்கள். பண்டிதர் குடும்பம், கூலி வேலை தெரியாது, பிச்சை கேட்கவும் வாய் வராது.

தகப்பன் மரித்தார். சில வாரங்களில் தாயும் மரித்தார். பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். ராமாபாயும் ஒரு பக்கம் தூக்கினார். உயரம் குறைந்தவர் என்பதால் தாயின் பாடையைத் தோளில் அல்ல, தலையில் சுமந்தார். பின்பு மூத்த சகோதரியும் போய்விட்டார். மீந்தது அண்ணனும் தங்கையும் மட்டுமே. வடக்கே ஜீலம் நதிக்கரையில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், குழி தோண்டி, கழுத்து வரை மணலை மூடிக்கொண்டு குளிருக்குத் தப்பினார்கள்.

1878-ல் கல்கத்தா போனார்கள். இருபது வயதுப் பெண்ணின் கல்வியைப் பார்த்து அங்கிருந்த பண்டிதர்கள் பிரமித்து, பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். இனி கஷ்டமில்லை என்று நாம் நினைப்போம். 1880-ல் அண்ணன் மரித்தார். அதே வருஷம் பிபின் பிஹாரி என்ற வக்கீலை மணந்தார். மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882-ல் கணவரும் காலராவில் போய்விட்டார். 24 வயதுகூட நிரம்பவில்லை, கையில் குழந்தையோடு விதவை!

1883-ல் இங்கிலாந்து சென்றார். அந்த வருஷமே வாண்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். அமெரிக்கா போய் இந்திய விதவைகளின் நிலையைப் புத்தகமாக எழுதினார். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனைத் தொடங்கினார். பெயர் இருந்தது, ஊழியம் இருந்தது. ஆனாலும் உள்ளத்தில் சமாதானம் இல்லை. தனக்குக் கிறிஸ்தவ மார்க்கம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பதைப் பிற்பாடு அவரே சாட்சியாகச் சொன்னார். வில்லியம் ஹாஸ்லம் என்ற ஊழியரின் சாட்சிப் புத்தகத்தை 1891-ல் வாசித்தபோதுதான் கண் திறந்தது. பிரசங்கபீடத்தில் நின்றுகொண்டிருந்தபோதே இரட்சிக்கப்பட்டவர் அந்த ஹாஸ்லம். ராமாபாய் அம்மையார் தன் படிப்பு, நற்கிரியை எல்லாவற்றையும் ஓரமாக வைத்து, பாவியாகவே ஆண்டவரிடம் வந்தார். பாரம் இறங்கியது. அவர் இழந்த ஒருவரும் திரும்பி வரவில்லை, ஆனாலும் சமாதானம் வந்தது!

அது மெய்யான சமாதானமா? 1896-ல் மத்திய மாகாணங்களில் கொடிய பஞ்சம் வந்தது. பஞ்சத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் அந்தப் பக்கமே போகாதிருந்தால் யார் குறை சொல்லுவார்கள்? அவரோ நேரே அங்கேயே போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்த சுமார் 300 பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தார். பூனாவில் பிளேக் பரவியிருந்ததால் அவர்களை ஊருக்குள் வைக்க வழியில்லை. கேட்காவ் என்ற இடத்தில் வாங்கியிருந்த வெறும் நிலத்தில் தங்க வைத்தார். அதுதான் முக்தி மிஷன். அமெரிக்க நண்பர்கள் வாக்குக் கொடுத்திருந்த பத்து வருஷ உதவியும் 1898-ல் முடியும் நேரம். ஆனாலும் ஒரு பிள்ளையையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறக்குறைய 2,000 பேர் இருந்தார்கள். வயல், நெசவு, செக்கு, அச்சகம் என்று எல்லா வேலையையும் அந்தப் பெண்களே செய்தார்கள்.

அந்த இடத்தில்தான் எழுப்புதல் அக்கினி விழுந்தது! 1905 ஜனவரியில் சுமார் 70 பேர் ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் தினமும் இரண்டு வேளை 550 பேர் கூடினார்கள். அந்த மாதக் கடைசியில் ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அசூசா தெரு எழுப்புதலுக்கு முந்தின வருஷம் இது. உலகம் குப்பை என்று தள்ளிய பஞ்சத்துப் பெண்பிள்ளைகள் மேல் கர்த்தர் தம் ஆவியை ஊற்றினார். முக்தி ஊழியரான மின்னி ஆப்ராம்ஸ் எழுதிய புத்தகத்தின் மூலம் அந்த அக்கினி தென் அமெரிக்காவின் சிலி தேசம் வரை எட்டியது. அல்லேலூயா!

ஒன்றை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். விசுவாசித்த பிறகும் அவர் பாடு தீரவில்லை. காது மந்தமும் நீங்கவில்லை. தனக்குப் பின் ஊழியத்தை நடத்துவாள் என்று நம்பிய ஒரே மகள் மனோரமா 1921-ல் மரித்தார். வயதான தாய்க்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? ஆனாலும் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. எபிரெயுவும் கிரேக்கும் கற்று எடுத்த வேலை அது. அதைச் செய்து முடித்து, 1922 ஏப்ரல் 5-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முக்தி மிஷன் இன்றைக்கும் கேட்காவில் இருக்கிறது.

பிரியமானவர்களே, பஞ்சம் தீர்ந்ததால் வந்த சமாதானமாக இருந்திருந்தால், அடுத்த பஞ்சத்தில் அது போயிருக்கும். மகளால் வந்திருந்தால் மகளோடு போயிருக்கும். அது கிறிஸ்துவினால் வந்தது, ஆகவே நிலைத்தது. நீங்களும் உங்கள் தேவையை எழுதிக் கொடுங்க, நாங்கள் பாரத்தோடு ஜெபிக்கிறோம். ஆனால் பதில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சமாதானத்தைத் தள்ளிப்போடாதீங்க. சமாதானப் பிரபு இன்றைக்கே உங்க வீட்டு வாசலில் நிற்கிறார். முதலாவது அவரை உள்ளே அழையுங்கள். பிறகு உங்களைவிட அதிகமாய்த் தவிக்கிற ஒருவரை உங்கள் வீட்டுக்குள் அழையுங்கள். ராமாபாய் அம்மையார் செய்ததும் இதுதான்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.