பெண் சாரணியத்தின் முதல் தலைவி அக்னஸ் பேடன் பவல் அம்மையார்

ஆண்டுதோறும் பெப்ரவரி 22ஆம் திகதி சிந்தனை நாள். சாரணியர் குழுவில் இருந்த எமது பழைய மாணவியர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்தத் திகதியை மறந்திருக்கமாட்டார்கள். காலைக் கூட்டத்தில் மூவிலைச் சின்னம் பொறித்த கொடி ஏறும். அணிக்கு ஒருத்தியாகச் சென்று விளக்கேற்றுவோம். பேடன் பவல் பிரபுவும் அவர் துணைவியார் ஒலேவ் சீமாட்டியும் ஒரே திகதியில் பிறந்த புதுமையை மேற்பிரிவு மாணவி ஒருத்தி பேச்சாக ஒப்புவிப்பாள். 1926இல் அமெரிக்காவில் கூடிய சாரணியர் உலக மாநாடு, அந்த இருவரின் பிறந்தநாள் என்பதாலேயே இந்த நாளைத் தெரிவுசெய்தது.

ஆனால் பெண் சாரணியத்துக்கு முதலில் தலைமை தாங்கியவர் பிரபுவும் அல்லர், சீமாட்டியும் அல்லர். அவர் பிரபுவின் தங்கை அக்னஸ். பிறந்தநாள் டிசம்பர் 16. பாடசாலை விடுமுறைக் காலத்தில் வந்துவிடுகிற நாள், கொண்டாடுவதற்கும் வசதியில்லை. இந்த நூற்றாண்டு மலரில் யாருடைய வாழ்க்கையை எழுதுவது என்று எண்ணியபோது, எமது சாரணியர் குழுவை நினைத்து, அந்த அம்மையாரின் வாழ்க்கையையே எழுதத் துணிந்தோம்.

அக்னஸ் 1858இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்திரகணிதப் பேராசிரியர், மதகுருவும்கூட. அக்னஸுக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே அவர் காலமானார். பெரிய குடும்பத்தைத் தாயார் ஹென்றியற்றா தனியே நின்று வளர்த்தெடுத்தார். அவர் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். பிள்ளைகள் உலகத்தில் பெயரெடுக்க வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பானவர். ஆண்பிள்ளைகள் படைக்கும் சட்டத்துறைக்கும் போனார்கள். உயிர்தப்பி வளர்ந்த ஒரே பெண்பிள்ளையான அக்னஸ் தாயாருக்குத் துணையாக வீட்டிலேயே இருந்தார். எமது ஊர்களிலும் இப்படி வீட்டோடு நின்றுவிட்ட பெரியம்மாமாரை, மாமிமாரை நாம் அறிவோம். அவர்கள் கைபடாமல் அந்த வீடுகளில் ஒரு காரியமும் நடந்திராது.

அக்னஸின் வீடு வேடிக்கையானது. வரவேற்பறையிலே தேனீக்களை வளர்த்தார். சுவரில் துளையிட்டுக் குழாய் வைத்து, தேனீக்கள் வெளியே போய்வர வழிசெய்திருந்தார். அந்தத் தேன் கண்காட்சிகளில் பரிசும் பெற்றது. பறவைகள் வீட்டுக்குள் தம்பாட்டில் பறந்தன. வண்ணத்துப்பூச்சிகளும் வளர்த்தார். பியானோவும் வயலினும் வாசிப்பார். பல மொழிகள் அறிந்தவர். கடைசித் தம்பியான படைவீரர் பேடனுக்கு ஆகாயக் கூண்டுகளில் பெரும் பித்து. அந்தக் கூண்டுகளுக்கான பட்டுத்துணியைத் தைப்பதில் அவருக்கு அக்காவே உதவினார். கூண்டில் ஏறித் தானும் பறந்தார். அந்தக் காலத்துச் சீமாட்டி ஒருவர் ஆகாயத்தில் பறந்துவிட்டு வந்து தேநீர் பரிமாறுவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இவற்றோடு செஞ்சிலுவைப் பணியிலும் ஈடுபட்டிருந்தார்.

மூத்தவர் றொபேட், தென்னாபிரிக்காவில் மஃபெக்கிங் நகரை 217 நாள் முற்றுகைக்குள் காத்துப் புகழ்பெற்றுத் திரும்பினார். 1907இல் பிறவுண்சீ தீவில் சிறுவர்களோடு பாசறையிட்டு, 1908இல் ஆண் சாரணருக்கான நூலை வெளியிட்டார். சாரணியம் ஒரு தீவிலே தொடங்கியது என்பதில் தீவார் எமக்குச் சற்றுப் பெருமை உண்டு. அந்த நூல் தம்பிமாருக்கென்று வீட்டுக்கு வந்தது. அதை அக்காமாரும் தங்கைமாரும் எடுத்துப் படித்தார்கள். பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பி, ஆண்பிள்ளைகள் போலப் பதிந்துகொண்டார்கள். தாங்களே அணிகள் அமைத்தார்கள். 1909 செப்டெம்பர் 4இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் திடலில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அணிவகுத்தபோது, தொப்பியும் தடியுமாகச் சிறுமியர் சிலரும் வந்து நின்றார்கள். நாங்களும் சாரணர்தான் என்பது அவர்களுடைய வாதம்.

தளபதிக்குத் தர்மசங்கடம். விரட்டவும் மனமில்லை, சேர்க்கவும் துணிவில்லை. பெண்பிள்ளைகள் காடுமேடு திரிவதா என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. அவர் தங்கையை நாடினார். ஐம்பது வயதில், அதுவரை எந்த இயக்கத்தையும் நடத்திப் பழகாத அக்னஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1910இல் பெண் சாரணியர் தனி இயக்கமானார்கள். அக்னஸ் அதன் தலைவரானார்.

அவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று அந்தச் சிறுமியருக்குப் பிடிக்கவில்லை. காட்டுப்பூனை, கங்காரு என்று தங்கள் அணிகளுக்குப் பெயர் வைத்திருந்தவர்களைப் பூக்களின் பெயருக்கு மாற்றினார். பின்வந்தவர்கள் அக்னஸைப் பழமைவாதி என்று கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எமது எண்ணம் வேறு. தாய்மார் அனுமதி தராவிட்டால் இயக்கமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அணியின் பெயர் ரோசாவாக இருந்தால் என்ன, மல்லிகையாக இருந்தால் என்ன, அந்தப் பெயரின் மறைவில் பிள்ளை நெருப்பு மூட்டவும், கூடாரம் அடிக்கவும், விண்மீன் பார்த்துத் திசை அறியவும் பழகிவிடுகிறாள். வேலணையிலோ நெடுந்தீவிலோ பெண்பிள்ளை ஒருத்தியை ஓர் இரவுப் பாசறைக்கு அழைத்துப்போக வீடு வீடாகப் படியேறி அனுமதி கேட்ட ஆசிரியை எவரும் இதைப் புரிந்துகொள்வார். யார் யார் வருகிறார்கள், எங்கே படுப்பார்கள், எந்த லோஞ்சில் திரும்புவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பிறகுதான் பிள்ளையின் பை கட்டப்படும்.

1912இல் அக்னஸ் சாரணியருக்கான முதலாவது கைநூலை வெளியிட்டார். பெண்கள் எவ்வாறு பேரரசைக் கட்டியெழுப்ப உதவலாம் என்பது அதன் பெயர். பேரரசு பற்றிய அந்தப் பேச்சை இன்று நாம் ஏற்கமாட்டோம். உள்ளடக்கத்தில் பெரும்பகுதி தமையனாரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அக்னஸ் சேர்த்தவையும் உண்டு. நோயாளியைப் பராமரிப்பது, குழந்தை வளர்ப்பு, சமையல் என்பவற்றுக்குப் பக்கத்திலேயே, எட்டு அங்குலக் கயிற்றால் திருடனைக் கட்டிவைப்பது எப்படி, கட்டறுத்து ஓடும் குதிரையை நிறுத்துவது எப்படி என்றும் கற்பித்தார். யாழ்ப்பாணத்துப் பட்டினப் பிள்ளைகளுக்குக் குதிரைப் பாடம் சிரிப்பாக இருந்திருக்கும். நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. கட்டாக்குதிரைகள் தரவையில் மேய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

இயக்கத்தை நடத்தும் முறையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களில் ஒருத்தி அணித் தலைவி, இன்னொருத்தி துணைத் தலைவி. பொறுப்பாசிரியை கட்டளையிடுவது குறைவு. அணித் தலைவியர் கூடிப் பேசி முடிவெடுப்பதே அதிகம். சந்தாப் பணத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை வாங்கி, எழுதி, கணக்குக் காட்ட வேண்டும். சின்னம் வேண்டுமானால் அதற்குரிய வேலையைச் செய்துகாட்ட வேண்டும், மனப்பாடம் உதவாது. பரீட்சைப் புள்ளியே எல்லாம் என்றிருந்த எமது பாடசாலைச் சூழலில், வகுப்பில் பின்வாங்கில் இருந்த பிள்ளை சாரணியர் அணியில் தலைவியானதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

எமது தீவுகளில் அந்தப் பயிற்சிக்கு வேலை தேடிப்போக வேண்டியதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் முட்டி மோதும். அங்கே வயோதிபரைக் கைபிடித்து லோஞ்சில் ஏற்றுவதும், தண்ணீர்ப் பந்தலில் செம்பு நீட்டுவதும், தாயைத் தவறவிட்ட குழந்தையை அழாமல் வைத்திருப்பதும், வெயிலில் மயங்கியவரை நிழலில் கிடத்துவதும் சாரணியர் வேலைதான். தீவுகளில் நல்ல தண்ணீர்க் கிணறு பொன்னுக்குச் சமம். கிணற்றடி துப்புரவாக்கி, வாய்க்கால் வெட்டி, மழைக்கு முன்னே சிரட்டைகளையும் ரின்களையும் பொறுக்கி நுளம்பு பெருகாமல் தடுப்பது இன்னொரு வேலை. மழை தொடங்கியதும் வீதியோரம் பனம்விதை நடுவோம். வைத்தியரிடம் போக வள்ளமோ லோஞ்சோ பார்த்திருக்க வேண்டிய ஊரில், இரத்தப்பெருக்கை அமுக்கி நிறுத்தத் தெரிந்த ஒரு பிள்ளையின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று வீசும் நாள்களில் கடல் என்ன செய்யும் என்பது தீவார் எவருக்கும் தெரியும்.

அக்னஸின் கதைக்கு வருவோம். 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியது. அவருடைய சாரணியர் மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். பிரித்தானிய உளவுத்துறை அலுவலகத்தில் கடிதம் கொண்டோட முதலில் ஆண் சாரணரை அமர்த்தி, அவர்களுடைய குழப்படி தாங்காமல் சாரணியரை அமர்த்தினார்கள். அதே ஆண்டில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு தொடங்கியது. ரோசா மொட்டுகள் என்று பெயர். பிள்ளைகள் அதை விரும்பாததால் அடுத்த ஆண்டே பிறவுணி என்று மாறியது. தாயார் ஹென்றியற்றா அந்த 1914இலேயே காலமானார்.

தமையனார் 1912இல் ஒலேவை மணந்திருந்தார். அண்ணியார் நாத்தனாரிலும் முப்பது வயது இளையவர். சுறுசுறுப்பும் அமைக்கும் ஆற்றலும் மிக்கவர். 1914இல் அவர் சாரணியருக்கு உதவ முன்வந்தபோது தலைமையகக் குழு ஏற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1916இல் ஒலேவ் பிரதம ஆணையாளரானார். 1917இல் அக்னஸ் தலைவர் பதவியை விட்டு விலக, அந்த இடத்துக்கு இளவரசி மேரி வந்தார். 1918இல் றொபேட் புதிய கைநூலை எழுத, அக்னஸின் நூல் பின்தள்ளப்பட்டது. அதே ஆண்டில் ஒலேவுக்குப் பிரதம சாரணியர் என்ற பட்டம் கிடைத்தது.

யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது எமது நோக்கமன்று. ஒலேவ் இயக்கத்தை உலகெங்கும் பரப்பியவர். அந்த வேகம் அக்னஸிடம் இருந்ததில்லை. ஆனால் ஒலேவின் கைக்கு வந்தது வெறும் நிலமன்று. உழுது விதைத்த வயல். அதை உழுதவரை ஓரங்கட்டிய விதத்தில் பரிவு குறைவு என்றே நாம் எண்ணுகிறோம். சங்கங்கள் பலவற்றில் இதைக் கண்டவர்கள் நாம்.

இலங்கையில் முதலாவது சாரணியர் குழு கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது அதே 1917இல்தான். அக்னஸ் பதவி விலகிய ஆண்டில் அவர் நட்ட மரத்தின் விதை எமது நாட்டில் முளைத்தது.

பதவி போனதும் அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. துணைத் தலைவர் என்ற பெயரோடு மேலும் 28 ஆண்டுகள் இயக்கத்தில் இருந்தார். பாசறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்தார். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு அவர் பிரபுவின் தங்கை என்பதைவிட, தேனீ வளர்க்கும், ஆகாயத்தில் பறந்த ஒரு கிழவி என்பதே பெரிய விடயமாக இருந்திருக்கும். 1945 ஜூன் 2இல், 86ஆவது வயதில் காலமானார். கென்சல் கிறீன் மயானத்தில் குடும்பத்தாரின் கல்லறையிலே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லில் அவருடைய பெயர் பொறிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் எமது குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது எமது சாரணியர் குழுவின் வரவுப் புத்தகமும், பாசறைப் பதிவேடுகளும், சுவரில் தொங்கிய படங்களும் இல்லாமற் போயின. குழுவை முதலில் தொடங்கிய ஆசிரியை யார், அவருக்குப்பின் பொறுப்பாக இருந்தவர்கள் யார், முதல் அணித் தலைவியர் யார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இன்று எமது கையில் இல்லை. கொழும்பிலோ, கனடாவிலோ, இலண்டனிலோ இருக்கும் எமது மூத்த சகோதரிகள் சிலரின் நினைவிலும், பெட்டியின் அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு புகைப்படங்களிலுமே அந்தப் பெயர்கள் உள்ளன. அறிந்தவர்கள் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டால், எந்த அதிபரின் காலம் என்று குறிப்பிட்டாலும் போதும். புகைப்படத்தின் பின்புறத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். சாரணியர் அறையின் சுவரில் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டும் நாளாக டிசம்பர் 16ஐக் குறித்திருக்கிறோம். விடுமுறைக் காலமானாலும் அறையைத் திறந்து தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார்.