சிலந்தி தேடிய டாக்டர் கிரேவ்லி

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையை நம் முன்னோர் செத்த காலேஜ் என்றே வழங்கி வந்தனர். மூர்மார்க்கெட்டுப் பக்கத்தில் உயிருள்ள விலங்குகள் அடைபட்டிருந்த இடம் உயிர் காலேஜ் ஆயினமையின், பாடம் செய்த விலங்குகளும் எலும்புகளும் நிறைந்த இதற்கு இப்பெயர் பொருந்திற்று. இச்செத்த காலேஜுக்கு 1920ஆம் ஆண்டு முதல் 1940ஆம் ஆண்டு வரை தலைவராயிருந்து, அதனை அறிவு வளர்க்கும் இடமாக்கியவர் டாக்டர் பிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி என்னும் ஆங்கிலேயர். அவருக்கு முன் அப்பதவியிலிருந்தவர் டாக்டர் ஜே. ஆர். ஹெண்டர்சன். அவர் எம் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த பேராசிரியர். துறவி நண்டுகளின் குடும்பத்தை ஆராய்ந்து 1888இல் பெருநூல் வெளியிட்டவர். ஆதலின் கிரேவ்லியின் வரலாறு எம் கல்லூரிக்கு முற்றும் அயலானதன்று.

கிரேவ்லி 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். குவேக்கர் என்னும் நண்பர் சபையாரின் பள்ளியிற் பயின்றார். வயலிலும் ஓடையிலும் நேரே சென்று பயிலுவதைப் பாடமாகவே கொண்டிருந்தவை அச்சபையாரின் பள்ளிகள். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்று, 1909இல் கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையில் துணைத் தலைவராக அமர்ந்தார். அங்கே தலைவராயிருந்த நெல்சன் அன்னண்டேல், மேசையருகே அமர்ந்து ஆராய்வதோடு நில்லாது காடும் கடலும் சென்று உயிர்களை அவற்றின் இருப்பிடத்திலேயே காணவேண்டும் என்னும் கொள்கையர். 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை தோன்றியபோது அதன் முதல் இயக்குநரானவரும் அவரே. அத்தகையாரிடம் வந்து சேர்ந்தது இளைஞர் கிரேவ்லியின் நற்பேறு.

பாம்பையும் புலியையும் தேடுவார் பலர். உளுத்த மரத்துக்குள் வாழும் வண்டையும், கல்லின் அடியில் ஒடுங்கும் சாட்டைத்தேளையும், சிலந்தியையும் தேடுவார் அரியர். கிரேவ்லி இவற்றையே தம் பொருளாகக் கொண்டார். அவர் மேற்கொண்ட பயணங்களுள் 1914ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொச்சி அரசின் மலைக்காடுகளுக்குச் சென்றது தனியே எடுத்துரைக்கத்தக்கது.

நம் ஆனைமலையின் மேற்குப் புறத்தே பரம்பிக்குளம் என்னும் காடு உளது. அங்கு விளைந்த தேக்கை இறக்குதற்குக் கொச்சி அரசு சாலக்குடியிலிருந்து காட்டு டிராம்வே ஒன்று அமைத்து 1907இல் ஓட்டலாயிற்று. செங்குத்தான சரிவுகளில், மரமேற்றிய வண்டிகள் தம் பாரத்தால் கீழிறங்க, அவற்றோடு வடத்தாற் பிணைத்த வெறு வண்டிகள் மேலேறும். இப்பாதை இருந்தமையால் உள்காட்டுக்குச் செல்லுதல் எளிதாயிற்று. கிரேவ்லி செப்டெம்பர் 16 முதல் 24 வரை பரம்பிக்குளத்திலும், அதன்பின் 27 வரை கவளை என்னுமிடத்திலும் தங்கினார். தென்மேற்குப் பருவமழை ஓயும் காலம் அது. காலில் அட்டை ஏறாமல் நடத்தல் அரிது. ஆயினும் சிலந்தி தேடுவார்க்கு அதுவே ஏற்ற பருவம். மழையால் பூச்சிகள் பெருக, அவற்றைத் தின்னும் சிலந்திகளும் முதிர்ச்சி எய்தும். முதிராத சிலந்தியை இன்ன இனமென்று துணிதல் பெரும்பாலும் இயலாது. ஆண் பெண் உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டே இனம் பிரிக்கப்படுகிறது.

இப்பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டுவிட்டது. அவர் பரம்பிக்குளத்தில் இருந்த நாட்களிலேதான், 22ஆம் நாள் இரவில், எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கலங்களைக் குண்டெறிந்து கொளுத்திற்று. எம்டன் என்னும் சொல் தமிழ்நாட்டார் வாயில் இன்றும் வாழ்கிறது. அதே கிழமையில் ஒருவர் காட்டில் மரப்பட்டை உரித்துச் சிலந்தி பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

சிலந்தி பிடிப்போர் வேலை எளியது போலத் தோன்றும். கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட், கத்தி, விளக்கு ஆகியவையே கருவிகள். பிடித்ததை ஸ்பிரிட்டில் இட்டால் உடல் கெடாது. நிறம் மட்டும் மெல்ல மங்கும். ஆனால் குழாயினுள் ஒரு சிறு சீட்டு இடல் வேண்டும். இடம், உயரம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியன அழியாத மையால் அதில் எழுதப்படும். சீட்டில்லாத சிலந்தி ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படாது. பரம்பிக்குளம், 1,700 அடி முதல் 3,200 அடி வரை. கவளை, 1,300 அடி முதல் 3,000 அடி வரை என இவ்வாறே கிரேவ்லியின் மாதிரிகள் குறிக்கப்பெற்றன. சிலந்தியைக் காட்டிலும் சீட்டே பெரிது என்று சொல்லினும் யாம் மறுக்கமாட்டோம்.

அப்பயணத்தின் பயன் பல்லாண்டு தொடர்ந்தது. மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி ஒன்றை ஹாப்லோகிளாஸ்டஸ் காயி என்னும் பெயரால் அவர் 1915இல் விளக்கினார். நீரோரத்து வலையில் நீண்ட உடலைக் குச்சிபோல் நீட்டி மறையும் இனமொன்றுக்கு 1921இலும், வலை கட்டாது இரவில் வேட்டையாடும் இனமொன்றுக்கு 1931இலும் கொச்சியின் பெயரையே சூட்டினார். இந்தியப் பெருஞ்சிலந்திகளைப் பற்றிய விரிவான கட்டுரை வெளிவந்தது 1935இல். அப்போது அவர் சென்னைக்கு வந்து பதினைந்து ஆண்டு கழிந்திருந்தது.

சென்னையையும் அவர் மறந்தாரல்லர். ஓநாய்ச்சிலந்திகள் பெரும்பாலும் வலை பின்னாமல் ஓடித் துரத்துவன. அக்குடும்பத்துள் வலை பின்னும் ஹிப்பாசா என்னும் பிரிவில், ஓரினத்துக்கு 1924இல் மெட்ராஸ்பட்டானா எனப் பெயரிட்டார். இப்பிரிவின் வலையைக் காண நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. மார்கழி விடியலில் பல்லாவரம் வழியே கீழ்க்கட்டளைக்குச் சென்று, வீடுகள் எழாது எஞ்சியிருக்கும் புல்தரைகளை நோக்கினால், பனித்துளி படிந்து வெண்துணி விரித்தாற்போன்ற வலைகள் தோன்றும். வலையின் ஒரு மூலையில் புனல்போல் ஒரு துளை. அதன் வாயில் சிலந்தி காத்திருக்கும். கால் அதிர்ந்தவுடன் உள்ளே மறைந்துவிடும். வெயில் ஏறினால் வலையும் கண்ணுக்குப் புலப்படாது. எம்மிற் சிலர் அவ்வழியே பலகாலும் சென்றும் இதனை நின்று நோக்கியதில்லை.

காட்சிசாலைத் தலைவரானபின் செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும் அவர் பொறுப்பாயின. விலங்கியலார்க்கு இவை வேண்டாத சுமையென்று வேறொருவர் கருதியிருப்பர். அவரோ சிலந்திக்குச் செய்ததையே சிற்பத்துக்கும் செய்தார்: எங்கே கிடைத்தது, உறுப்புகளின் அமைப்பு என்ன, எதனோடு எது ஒக்கும் என்று வரிசைப்படுத்தினார். டி. என். இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் அட்டவணை இம்முறையில் எழுந்ததே. பசும்பொடி பூத்து அரிக்கப்பட்ட திருமேனிகளை மின்னாற்றலால் தூய்மை செய்யும் வேலை, எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாரைக் கொண்டு அவர் காலத்தில் தொடங்கிற்று. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய நூல் 1927இல் வெளிவந்தது. பி. வி. மாயூரநாதன் சென்னை நகரின் பூச்செடிகளைப் பற்றி 1929இல் நூலெழுதினார். கள்ளிபோல் தோன்றும் கல்லிமுளையான் இனங்களை 1931இல் இருவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். உடன் உழைத்த தமிழர் பெயரை நூன்முகப்பில் தம் பெயரோடு இணைத்து வெளியிடுதல் அக்காலத் தலைவர் எல்லாரிடத்தும் காணப்பட்ட குணமன்று.

1940இல் அவர் ஓய்வு பெற, ஏ. அய்யப்பன் அப்பதவி ஏற்றார். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகளைப் பற்றிய கிரேவ்லியின் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1965ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தில் காலமானார். காட்டு டிராம்வே அதற்கு இரண்டாண்டு முன்னரே மூடப்பட்டுவிட்டது. பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டத்தில் எழுந்த அணைகளின் நீர் அப்பத்தாண்டிலேயே அம்மலைப் பள்ளத்தாக்குகளில் ஏறலாயிற்று. மூழ்கிய அந்நிலத்தில் எவை வாழ்ந்தன என்று கேட்பார்க்கு 1914ஆம் ஆண்டுச் சீட்டுகளைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.